மே பதினேழும் யூலை நான்கும்

தேசியத் திருநாட்களைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தலைநகரங்களையே சுற்றி வந்திருக்கின்றனர். மாளிகை முன்றிலில் ஏறும் கொடி, படைகளின் அணிவகுப்பு, ஆட்சித் தலைவரின் உரை என்பவற்றோடு அவர்களது ஏடு முடிந்துவிடுகிறது. உழவும் அறுவடையுமாய்க் காலங் கழிக்கும் நாட்டுப்புறத்தார் அந்நாளை எவ்வாறு கொண்டாடினர் என்பதை அறிய விரும்பியவர் சிலரே. அதிலும், நேற்று வந்து குடியேறியவனும், அவனுக்கு முன் வந்தவனும், அவ்விருவருக்கும் முன்னரே அம்மண்ணில் வாழ்ந்தவனும் ஒரே நாளைத் தத்தம் நாளாக்கிக்கொள்ள முயன்ற வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும். அத்தகைய வரலாறொன்றை ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்குப் புல்வெளியிலே காண்கிறோம். அங்கே குடியேறிய நோர்வே நாட்டு உழவரே அதன் முதன்மை மாந்தர்.

நோர்வே பரப்பிற் பெரிய நாடு. ஆனால் அதில் உழுது பயிரிடத்தக்க நிலம் நூற்றுக்கு மூன்று பங்களவே. எஞ்சியவை மலையும் காடும் பனியும். பண்ணை மூத்த பிள்ளையைச் சேரும். ஏனையோர் பிறர் நிலத்தின் ஓரத்தில் குடிசை கட்டி, அக்குடிசைக்கு ஈடாகப் பண்ணைக்காரனுக்கு வேலை செய்து வாழ வேண்டியவராயினர். 'ஹுஸ்மன்' எனப்பட்ட இவர்களின் தொகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெருகிக்கொண்டே வந்தது. 1848 ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கொந்தளிப்பை அடுத்து, மார்க்குஸ் த்ரானே என்பார் இவர்களையும் நகரத்துத் தொழிலாளரையும் திரட்டிச் சங்கங்கள் அமைத்தார். 1851 இல் அரசு அவரைச் சிறையிலடைத்தது. விடுதலை பெற்ற த்ரானேயும் ஈற்றில் அமெரிக்காவுக்கே சென்றார். தலைவனுக்கே தாயகத்தில் இடமில்லையெனில் தொண்டர் நிலையைக் கேட்க வேண்டியதில்லை. நூறு ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் நோர்வேயை விட்டகன்றனர். மக்கட்டொகைக்கு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்நூற்றாண்டில் அயர்லாந்தை அடுத்து இத்துணைப் பேரை இழந்த ஐரோப்பிய நாடு வேறில்லை.

இப்பெயர்ச்சியின் முதற் கப்பல் 'ரெஸ்டோரேசன்' என்னும் சிறு பாய்க்கலம். 1825 ஆம் ஆண்டு யூலை முதல் வாரத்தில் ஸ்தவாங்கர் துறையிலிருந்து 52 பேருடன் புறப்பட்ட அது, ஒக்டோபர் 9 ஆம் நாள் நியூயோர்க்கை அடைந்தது. இடைவழியில் ஒரு குழந்தை பிறந்தது. கப்பல் புறப்பட்டது யூலை 5 என்பாரும் உளர். எனினும் யூலை 4 என்றே குடியேறிகளின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். புதிய நாட்டின் சுதந்திர நாளன்றே தம் மூதாதையர் பாய் விரித்தனர் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

ஆனால் அவர்கள் வெறுங்கையோடு வந்தவரல்லர். தமக்கென்றொரு திருநாளையும் உடன் கொணர்ந்தனர். 1814 மே 17 அன்று ஐட்ஸ்வோல் என்னுமிடத்தில் நோர்வேயின் பிரதிநிதிகள் தம் நாட்டுக்கென அரசியலமைப்பொன்றை நிறைவேற்றினர். அவ்வாண்டு முடியுமுன்னரே நாடு சுவீடனோடு ஒரே முடியின் கீழ்ப் பிணைக்கப்பட்டது. அப்பிணைப்பு அறுந்தது 1905 இலேயே. மே 17 ஐக் கொண்டாடுவதை மன்னன் கார்ல் யோகான் விரும்பினானல்லன். 1829 இல் அந்நாளன்று தலைநகரின் சதுக்கத்தில் கூடிய மக்கள்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. ஆயினும் விழா நின்றுவிடவில்லை. 1870 இல் படை வீரரின் இடத்தில் பள்ளிச் சிறுவர் கையிற் கொடியேந்தி ஊர்வலம் வந்தனர்; 1889 இல் சிறுமியரும் சேர்ந்துகொண்டனர். துப்பாக்கிகளை ஊருக்குக் காட்டுவதற்குப் பதிலாகப் பிள்ளைகளைக் காட்டும் தேசிய விழா உலகில் அரிது. ஆள்வோரின் முகச்சுளிப்பையும் மீறி மக்கள் தாமே வளர்த்தெடுத்த விழா அது என்பதே இங்கு நமக்கு முக்கியம். விழா எடுக்க அரசின் அனுமதி தேவையில்லை என்னும் எண்ணத்தோடு பழகிய மக்களே விஸ்கொன்சின், மின்னசோட்டா, அயோவா, டக்கோட்டா என்று மேற்கு நோக்கிப் பரந்தனர்.

ஆகவே புல்வெளிக் கிராமங்களில் ஏழு வார இடைவெளியில் இரு தேசியத் திருநாட்கள் நிகழ்ந்தன. மே பதினேழு விதைப்புக் காலத்தை ஒட்டி வரும். யூலை நான்கு கோதுமை அறுவடைக்கு முன் வரும். முதல் விழாவுக்கு லூதரன் கோயிற் காணியே களம்; நோர்வே மொழியே பேச்சு; இரு நாட்டுக் கொடிகளும் பறக்கும். இரண்டாம் விழாவுக்கு ஊரையடுத்த மரத்தோப்பு. புல்வெளியில் மரம் அருமை. ஆற்றோரத்துச் சிறு தோப்பாயினும் வண்டி கட்டிக்கொண்டு பல காதம் கடந்து வந்து கூடுவர். அங்கே சுதந்திரப் பிரகடனம் ஆங்கிலத்தில் வாசிக்கப்படும். குடியேறிகள் நிறைந்த இடங்களில் அவர்கள் மொழியிலும் உரைகள் நிகழும். பெண்கள் புளித்த பாலாடையிற் காய்ச்சிய கஞ்சியும் பலகாரமும் கொணர்ந்து நீண்ட பலகைகளில் பரப்புவர். ஓட்டப் பந்தயமும் கயிறிழுப்பும் பேஸ்போல் ஆட்டமும் மாலைவரை நீளும்.

அயலூரில் ஜேர்மானியர், அப்பால் பொஹிமியர், புகைவண்டிப் பாதை அருகே ஐரிஷ்காரர், கடைத்தெருவில் கிழக்கிலிருந்து வந்த யாங்கியர். பக்தி மிகுந்த நோர்வேயர் பலர் மதுவைத் தீண்டார். அவர்கள் தோப்பில் எலுமிச்சைச் சாறும் ஐஸ்கிறீமுந்தான். ஜேர்மானியரோ பீப்பாயும் பித்தளை வாத்தியமும் இன்றி விழாவெடுக்க அறியார். மதுவிலக்குப் பிரச்சினையில் எதிரெதிர் நின்று வாக்களித்த இரு சாராரும் யூலை நான்கன்று ஒரே கொடியைக் கம்பத்தில் ஏற்றினர் என்பதை நினைக்கச் சுவையாயிருக்கிறது.

இவர்கள் யூலை நான்கைக் கொண்டாடியது புதிய எசமானருக்கு முகமன் கூறுவதற்காக என்று கருதுவது பிழை. 1814 ஐயும் 1776 ஐயும் அவர்கள் ஒரே நூலில் கோத்த இரு மணிகளாகவே பார்த்தனர். மன்னனை எதிர்த்தெழுந்தவனின் நாளை, மன்னனின் குதிரைப்படையைக் கண்டவன் தன்னதாக்கிக்கொள்வதில் வியப்பென்ன? அத்தோடு, அந்நாள் கூறும் சமத்துவத்தைச் சொல்லாக மட்டும் கொள்ளாதோரும் அவர்களுள் இருந்தனர். கறுப்பு மக்களை அடிமைகொண்டிருக்கும் நாட்டில் யூலை நான்கு எவருக்கு உரியதென 1852 இல் ரொச்செஸ்ரர் நகரில் பிரடெரிக் டக்ளஸ் எழுப்பிய வினா இக்குடியேறிகளையும் சுடாது விடவில்லை. 1861 இல் நோர்வேத் திருச்சபைக் குருமார் சிலர், அடிமை முறை தன்னளவில் பாவமன்று என்று வேதத்தைப் புரட்டிச் சான்று காட்டினர். சபையோர் சினந்தெழுந்தனர், குருமாரைப் பணிந்தே பழகியிருந்த உழவர் அவரோடு வழக்காடினர். ஹான்ஸ் கிறிஸ்தியன் ஹெக் என்பார் நோர்வேயரைப் பெரும்பான்மையாகக் கொண்ட விஸ்கொன்சின் பதினைந்தாவது படைப்பிரிவைத் திரட்டி நடத்திச் சென்று, 1863 செப்ரெம்பரில் சிக்கமோகாப் போரில் உயிர் துறந்தார். சிறுவனாய்க் குடிபெயர்ந்து வந்தவர் அவர்.

இவ்வளவும் நிழலற்ற சித்திரமாகத் தோன்றக்கூடும். ஆனால் அத்தோப்பு யாருடைய தோப்பு?

1862 மே 20 அன்று குடியேற்ற நிலச் சட்டம் கைச்சாத்தாயிற்று. 160 ஏக்கரை ஐந்தாண்டு உழுது அங்கேயே வாழ்ந்தவனுக்கு அது சொந்தமாகும். குடியுரிமை பெறுவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தாற் போதும். கப்பலிலிருந்து இறங்கிய புதியவனும் மனுச் செய்யலாம். அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மின்னசோட்டாவின் டக்கோட்டா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நிலத்தைக் கொடுத்தமைக்கு ஈடாக வரவேண்டிய பணம் வரவில்லை. உணவுக் களஞ்சியம் பூட்டியிருந்தது. பிள்ளைகள் பட்டினி கிடந்தனர். அக்கலகத்தில் நூற்றுக்கணக்கான குடியேறிகள் மாண்டனர். ஸ்கண்டிநேவியரும் அவர்களுள் அடங்குவர். டிசெம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் 38 டக்கோட்டா ஆடவர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டு அவர்களது உடன்படிக்கைகள் யாவும் நீக்கப்பட்டு, அம்மக்கள் மாநிலத்தைவிட்டே துரத்தப்பட்டனர். ஹுஸ்மனின் மகன் தன் வாழ்நாளில் முதன்முறையாகச் சொந்த மண்ணில் ஏர் பூட்டியபோது, அம்மண்ணுக்கு உரியவன் எங்கோ அகதியாய் அலைந்துகொண்டிருந்தான். ஏழையைக் கொண்டே ஏழையின் நிலத்தைப் பறிப்பதில் அவ்வரசுக்கிருந்த கைத்திறன் சிறிதன்று.

வட டக்கோட்டாவில் ஸ்பிரிட் லேக் என்னும் டக்கோட்டா ஒதுக்கிடத்தில் இது இன்னும் அருகிலிருந்து நிகழ்ந்தது. 1887 ஆம் ஆண்டுச் சட்டம் பொது நிலத்தை ஆளுக்காள் துண்டாடிற்று; துண்டாடியது போக எஞ்சியதை 'மிகுதி' என்று பெயரிட்டு 1904 இல் வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டனர். வந்தோருள் பலர் நோர்வேயர். ஆங்கிலம் அறியாத இரு சாரார் வேலியின் இரு பக்கத்தும் வாழ்ந்தனர். உணவைப் பகிர்ந்தனர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டனர், ஒருவர் சாவுக்கு மற்றவர் சென்றனர். எனினும் 1929 அளவில் அவ்வொதுக்கிடத்தில் டக்கோட்டா மக்களிடம் இருந்ததைவிட அதிக நிலம் ஸ்கண்டிநேவியர் கையில் இருந்தது. அயலவர் நல்லவராயிருந்ததால் மட்டும் அநீதி நின்றுவிடவில்லை.

இவ்விடத்திலேதான் யூலை நான்கு மற்றோர் உருவெடுக்கிறது. 1883 இல் வாஷிங்ரன் அரசு ஆதிக்குடிகளின் சடங்கு நடனங்களைக் குற்றமாக்கிற்று; ஆடியவர்க்கு உணவுப் பங்கு நிறுத்தப்படும், அல்லது சிறை. ஆடாமல் வாழ இயலாத மக்கள் ஓர் உபாயங் கண்டனர். சுதந்திர நாளைக் கொண்டாடுகிறோம் என்றால் எந்த அதிகாரி மறுப்பான்? கொடியை ஏற்றி அதன் கீழே முரசறைந்தனர். ஒதுக்கிடம் ஒதுக்கிடமாக யூலை நான்கு பழைய நடனங்களுக்குப் புகலிடமாயிற்று. மொன்ரானாவின் ஆர்லி என்னும் ஊரில் 1898 இல் தொடங்கிய அத்தகைய விழா இன்றும் யூலை முதல் வாரத்திலேயே நடைபெறுகிறது. வேடிக்கை பார்க்க வெள்ளையரும் வண்டி கட்டி வந்தனர். தம் நாட்டின் பிறந்த நாளுக்கு இந்தியர் ஆடுகின்றனர் என்று மகிழ்ந்து திரும்பினர். அக்கூட்டம் எதற்காகக் கூடியது என்பது ஆடியோருக்குத் தெரியும். நோர்வேக்காரன் பிரகடனத்தின் நிழலில் தன் மொழியைப் பேசினான். டக்கோட்டாக்காரன் அதே நிழலில் தன் முரசைக் காத்தான். இருவரையும் ஒரே தட்டில் வைக்க நாம் துணியோம். ஒருவன் நிலம் பெற்றவன், மற்றவன் இழந்தவன். எனினும் பிறரது திருநாளைத் தன் உடைமைக்குக் காப்பாகக் கொண்ட சாமர்த்தியம் இருவர்க்கும் பொது.

1917 இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியதும் அந்நிழலும் பறிபோயிற்று.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், வட டக்கோட்டா உழவர் தம் வாழ்வின் சிக்கல் எங்கிருக்கிறது என்பதைக் கண்டுகொண்டிருந்தனர். கோதுமையை விளைப்பவன் ஒருவன். அதற்குத் தரம் குறிப்பவனும் விலை குறிப்பவனும் ஏற்றிச் செல்லும் கூலியைக் குறிப்பவனும் மினியாப்போலிஸ் நகரத் தானிய வணிகரும் புகைவண்டிக் கம்பெனிகளும். 1915 இல் ஆதர் டவுன்லி தொடக்கி வைத்த கட்சிசாராக் கழகம் மாநில அரசே களஞ்சியமும் மாவாலையும் வங்கியும் நடத்த வேண்டுமெனக் கோரியது. நோர்வே உழவர் பெருந்திரளாய் அதிற் சேர்ந்தனர். அடுத்த ஆண்டே கழகத்தின் வேட்பாளர் மாநில ஆளுநரானார். கழகம் மின்னசோட்டாவுக்குப் பரவியபோது, போர் வணிகருக்கு வசதியானதோர் ஆயுதத்தைக் கொடுத்தது. கழகத்தானைத் தேசத் துரோகி என்றாற் போதும், வாதமே வேண்டியதில்லை. பல மாவட்டங்களில் அதன் கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. 1918 இல் கழகத்தின் ஆதரவோடு ஆளுநர் பதவிக்கு நின்ற சார்ள்ஸ் லிண்ட்பேர்க், ஸ்ரொக்ஹோமிற் பிறந்து குழந்தையாய் வந்தவர், ஊர் ஊராகத் துரத்தப்பட்டார். தேசப்பற்றின் உரைகல்லைக் கையில் வைத்திருந்தவன் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அவன் கோதுமை விலையையும் கையில் வைத்திருந்தான்.

அயோவாவில் ஆளுநர் வில்லியம் ஹார்டிங் இன்னும் ஒருபடி சென்றார். 1918 மே 23 ஆம் நாள் அவர் விடுத்த பிரகடனத்தின்படி பள்ளியிலும், பொது இடத்திலும், புகைவண்டியிலும், தொலைபேசியிலும், மேடையிலும் ஆங்கிலமன்றிப் பிறமொழி பேசலாகாது. ஆங்கிலம் அறியாதோர் வழிபாட்டைத் தத்தம் வீட்டில் நடத்திக்கொள்ளட்டும் என்று சலுகையும் காட்டியிருந்தார்! ஜேர்மன் பகைவனின் மொழி என்றாலும், போரில் நடுநிலை நின்ற நோர்வேயின் மொழியும் டென்மார்க்கின் மொழியும் செய்த குற்றம் யாது? மே பதினேழு கழிந்து ஆறே நாட்கள். கோயிற் காணியில் கேட்ட அதே மொழி சட்டவிரோதமாயிற்று. ஸ்கொற் மாவட்டத்தில் உழவர் வீட்டுப் பெண்கள் சிலர் தொலைபேசியில் ஜேர்மன் மொழியில் உரையாடினர் என்பதற்காக 225 டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. அப்பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சென்றது. அக்காலத்துக் கிராமங்களில் பல வீடுகள் ஒரே தொலைபேசிக் கம்பியைப் பகிர்ந்தன. ஒட்டுக் கேட்டுக் காட்டிக்கொடுக்க வேறெவரும் வேண்டியதில்லை.

அவ்வாண்டு யூலை நான்கு வந்தது. வெளிநாட்டிற் பிறந்தோர் அனைவரும் தம் விசுவாசத்தைக் காட்டும் சிறப்பு நாளாக அது அறிவிக்கப்பட்டிருந்தது. ஜனாதிபதி வில்சன் மவுண்ட் வேர்னனில் உரையாற்ற, 33 தேசிய இனங்களின் பிரதிநிதிகள் வாஷிங்ரனின் கல்லறையில் மலர் வைத்தனர். படம் பிடிக்க ஏற்ற காட்சி அது. ஐம்பது அறுபது ஆண்டுகள் எவரும் ஏவாமலே அந்நாளைக் கொண்டாடியவர்களைப் பார்த்து, இன்று கொண்டாடிக் காட்டு என்றால் அவர்கள் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்? தானே விரும்பி இட்ட விருந்துக்குச் சிட்டை கேட்பது போன்றது அது.

ஹார்டிங்கின் பிரகடனம் போர் முடிந்தபின், டிசெம்பரில் நீங்கியது. ஆனால் அதன் விதை பிற மாநிலங்களில் முளைத்தது. 1919 இல் நெப்ராஸ்கா எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்குப் பிறமொழி கற்பிப்பதைத் தடுத்தது. கிராமத்துப் பள்ளியொன்றில் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜேர்மன் மொழியில் வேதாகமக் கதை வாசிக்கக் கற்பித்த றொபேட் மேயர் என்னும் ஆசிரியர் 25 டொலர் தண்டிக்கப்பட்டார். அவர் தண்டத்தைக் கட்டி ஒதுங்கவில்லை. 1923 யூன் 4 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. நாடெங்கும் தாய்மொழி கற்பிக்கும் உரிமைக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. அதனைப் பெற்றுத் தந்தவர் ஒரு நாட்டுப்புற வாத்தியார்.

வெற்றி நீடிக்கவில்லை. 1924 மே மாதத்தில் ஜனாதிபதி கூலிட்ஜ் கைச்சாத்திட்ட குடிவரவுச் சட்டம் நாடுதோறும் ஆண்டுக்கு இத்தனை பேர் என வரம்பிட்டு, ஆசியருக்குக் கதவை அடைத்தது. நோர்வேக்குரிய தொகையும் சில ஆயிரமாகச் சுருங்கிற்று. அடுத்த யூனில் ஆதிக்குடிகள் யாவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டத்தில் அவரே கைச்சாத்திட்டார். தம் சொந்த மண்ணில் அவர்கள் குடிகளாவதற்கு 1776 இலிருந்து 148 ஆண்டுகள் சென்றன. அதற்கும் அடுத்த ஆண்டு, 1925 யூன் 8 அன்று, அதே கூலிட்ஜ் மின்னசோட்டாக் கண்காட்சித் திடலில் 'ரெஸ்டோரேசன்' நூற்றாண்டு விழாவில் நின்று நோர்வேக் குடியேறிகளின் பெருமையைப் புகழ்ந்தார். கூட்டம் ஆரவாரித்தது. வரும் வழியைச் சுருக்கியவர் வந்தவரைப் போற்றினார்.

கடலுக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்றையும் இங்கு சொல்ல வேண்டும். 1914 யூலை 4 அன்று வட டக்கோட்டா மக்கள் ஆபிரகாம் லிங்கனின் மார்பளவுச் சிலையொன்றை நோர்வே நாட்டுக்குப் பரிசளித்தனர். தலைநகரின் புறோக்னர் பூங்காவில் அது நிறுவப்பட்டது. 1940 முதல் ஐந்தாண்டுகள் நாசிகள் நோர்வேயை ஆண்டபோது மே பதினேழு தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டுகளில் யூலை நான்கன்று ஒஸ்லோ மக்கள் அச்சிலையருகே வந்து தலைகுனிந்து மௌனமாய் நின்றனர். தம் திருநாளைப் பறிகொடுத்தவர்கள், குடிபெயர்ந்து போன தம் உறவினரின் திருநாளுக்குள் புகுந்துகொண்டனர். புல்வெளியில் டக்கோட்டா மக்கள் முன்னரே கண்ட வழி அதுவன்றோ!

புல்வெளியில் நோர்வே மொழி மெல்லத் தேய்ந்தது. மொழியை இழந்து பெறும் ஒருமைப்பாடு வறுமையே என்று வாதிட்ட ரோல்வாக் என்னும் நாவலாசிரியர் 1931 இல் மறைந்தார். அயோவாவின் டெக்கோரா நகரிலிருந்து 1874 முதல் வெளிவந்த 'டெக்கோரா போஸ்தன்' இதழ் 1972 இல் நின்றது. மே பதினேழு மட்டும் ஸ்ரோட்டன், வெஸ்ற்பி, ஸ்பிறிங் குரோவ் முதலிய ஊர்களில் ஊர்வலமும் உணவுமாய்த் தொடர்கிறது.

டெக்கோராவுக்கு அயலே போஸ்வில் என்றோர் ஊர். இரண்டாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் அச்சிற்றூரின் இறைச்சித் தொழிற்சாலையில் குவாத்தமாலாவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் வந்தோர் குறைந்த கூலிக்கு உழைத்தனர். 2008 மே 12 அன்று, அயலில் ஊர்வலத்துக்கு ஐந்து நாட்களே இருக்கையில், குடிவரவு அதிகாரிகள் அங்கு புகுந்து 389 பேரைக் கைதுசெய்தனர். வோட்டர்லூ நகரின் கால்நடைக் கண்காட்சித் திடலில் அவர்களை அடைத்து, அங்கேயே நீதிமன்றம் கூட்டி, சில நாட்களில் ஏறத்தாழ முந்நூறு பேரைத் தண்டித்தனர். பெரும்பாலோர்க்கு ஐந்து மாதச் சிறை. அவர்களிற் பலர் மாயா இன மக்கள். ஆங்கிலம் இருக்கட்டும், ஸ்பானிய மொழியே அவர்களுக்கு இரண்டாம் மொழி. தாம் ஒப்புக்கொண்ட குற்றம் யாதென்பதே பலருக்கு விளங்கவில்லை என்று, அங்கு மொழிபெயர்ப்பாளராயிருந்த ஒருவர் பின்னர் எழுதினார். எஞ்சிய தாய்மாரும் குழந்தைகளும் ஊரின் கத்தோலிக்க ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கு உதவ முன்வந்தோருள், நோர்வே உழவர் 1861 இல் நிறுவிய லூதர் கல்லூரியைச் சேர்ந்தோரும் டெக்கோராவிலிருந்து வந்திருந்தனர்.